கூட்டல் எட்டு

மூன்று அலுவலகங்கள், ஒரே ஆறு.
வடிகால் இலாகா ஏட்டில் அது சுங்கை தெராப்.
சுற்றுச்சூழல் இலாகாவுக்கு எஸ்.ஜி. தெராப்.
மாநகர் மன்றத்தில் 'தெராப் இரண்டு';
ஒன்று எங்கே என்று கேட்டால்
கேட்டவளை மேலும் கீழும் பார்க்கிறார்கள்.
கணினிக்கு மூன்றும் மூன்று ஆறுகள்.
மீன் செத்தது எங்களுடையதில் இல்லை என்று சொல்ல
ஒவ்வோர் அலுவலகத்துக்கும் இன்னும் இரண்டு ஆறு இருந்தது.

எனக்கு இது புதிதல்ல.
பிறப்புப் பத்திரத்தில் நான் யோகவதி,
அடையாள அட்டையில் யுகவதி,
எஸ்.பி.எம். சான்றிதழில் யோகாவாட்டி.
வீட்டுக் கடனுக்குப் போன அன்று
மூவரும் ஒருத்திதான் எனச் சத்தியக் கடிதம் வாங்க
வரிசையில் நின்றேன்,
மூவருமாக.

செவ்வாய் கழிந்து புதன் விடியும்போது
கழிமுகத்தில் சிப்பி அள்ளப் போன தியோ கிம் சுவான்
எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.
வெள்ளை வயிறுகள்
பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தன,
உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்பதுபோல.

தொழிற்சாலையின் கடிதம் மிக மரியாதையானது.
'தங்கள் அட்டவணைப்படியே
ஆற்றில் ஆக்சிஜன் சரிந்தது செவ்வாய் 18:40.
எங்கள் மதகு திறந்தது புதன் 02:10.'
காக்கை உட்காரும் முன்பே
பனம்பழம் விழுந்துவிட்டதாம்.
அட்டவணையைத் திறந்து பார்த்தேன்.
ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

பட்டர்வொர்த்தில் மாலை மழை பிடித்துக்கொண்டது.
நோர்ஹஃபிஸா நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டாள்:
'அந்த மிதவை எந்த ஊர் நேரம் பார்க்குது?'

அவ்வளவுதான்.
ஒன்பது மாதமாக நம் சேற்றில் மிதந்துகொண்டு
கிரீன்விச்சில் வாழ்ந்திருக்கிறது அது.
மதகின் கடிகாரமோ உள்ளூர்க்காரன்.
நேரத்தின் வாலில் தட்டினேன்:
+08:00
ஆறே குறிகள்.
ஆறு நகர்ந்து தன் இரவுக்குள் வந்து படுத்தது.
மதகு 02:10. மூச்சு முட்டியது 02:40.
நடுவில் அரை மணி.
நோர்ஹஃபிஸா சாப்பிடவில்லை.

பிறகு கூட்டங்கள்.
03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்றே
ஒரு மத்தியானம் போனது.
லிட்டருக்கு மில்லிகிராமா மைக்ரோகிராமா என்று
ஒருவர் கோபித்துக்கொண்டு
பார்க்கிங் வரை போய்த் திரும்பினார்.
மிதவை பழுதாகிக் கிடந்த பதினோரு இரவுகளுக்கும்
யாரோ அழகாகப் பூஜ்யம் இட்டு வைத்திருந்தார்கள்.
பூஜ்யம் என்றால்: பார்த்தேன், ஒன்றும் இல்லை.
காலி என்றால்: பார்க்கவே இல்லை.
இரண்டாவதை எழுத எந்த அதிகாரிக்கும் கை வரவில்லை.
பதினொன்றையும் நானே அழித்தேன்.
ஓட்டை விழுந்த பல்வரிசைபோல் இருக்கிறது இப்போது;
இருக்கட்டும்.

எல்லாருக்கும் பொதுவாக அறுபது பக்க விதி வந்தது.
ஆற்றுக்கு ஓர் எண், ஒரே ஒரு பெயர்.
கிம் சுவான் வீட்டார் அதைக் 'கறுப்புப் பரிட்' என்பார்கள்;
அதற்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டேன்.
'மாற்றுப்பெயர், விருப்பமிருந்தால்' என்று தந்தார்கள்.
விருப்பம் இருந்தது.

இன்று கோப்பைத் திறந்துவிடுகிறோம்,
யாரும் இறக்கிக்கொள்ளலாம்.
கடைசிக் கட்டம்: பொறுப்பாளர் பெயர்.
விதி ஏழு, பிரிவு இரண்டு:
அடையாள அட்டையில் உள்ளபடியே இருத்தல் வேண்டும்.
அந்த வரியை எழுதியவள் நான்.

யுகவதி, என்று தட்டினேன்.
கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது.